காற்று எந்தப் பக்கம்

பதிவேடு

மருத்துவக் கல்லூரியில் இப்போது சிந்தனைக்கும் ஒரு பதிவேடு உண்டு. 2019இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிச் சம்மதம் கேட்பது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் 'ஏட்காம்' என்ற பெயரில் பாடமாயின. வகுப்பு முடிந்ததும் எழுத வேண்டும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்காக எல்லோரும் உருகி உருகி எழுதுவோம். சீனியர் எழுதியதைப் பார்த்து உருகியவர்களும் உண்டு.

அந்த மூன்றும் நல்ல கேள்விகள்தாம். ஆனால் மூன்றும் என்னைச் சுற்றியே வருகின்றன. நோயாளியால் நான் என்ன கற்றேன் என்பதில் முடிந்துவிடுகின்றன. ஹவுஸ் சர்ஜனாகச் சமூக மருத்துவப் பணிக்கு எண்ணூர்ப் பக்கம் வந்தபிறகு, நான்காவதாக ஒரு கேள்வி வேண்டும் என்று தோன்றியது: இது எங்கே நடந்தது? கீழே உள்ள குறிப்புகள் அந்தக் கேள்விக்கானவை. இவற்றுக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை.

இடம்

பணிக்கு வந்த நெட்டுக்குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கிறது. கிழக்கே கடல். வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகமும். துறைமுகத்துக்கு இப்போது காமராஜர் பெயர். இக்கரையில், 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம். தெற்கே உர ஆலை, திருவொற்றியூர். உள்ளே தள்ளி மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கத்திவாக்கம் நகராட்சியாக இருந்த இந்தப் பகுதி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சியின் கணக்கில் இது முதல் மண்டலம். பஸ்ஸில் வருகிறவருக்கு ஊரின் கடைசி.

இங்குள்ளவர்களுக்குக் கடலும் வேண்டும், ஆறும் வேண்டும். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் ஆறுதான் சோறு போடும்: இறால், நண்டு, மடவை. அந்த ஆற்றில் மின் நிலையங்களின் சுடுதண்ணீரும் இறங்குகிறது. எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். பல வருஷமாகக் குழாய் பல இடங்களில் ஒழுகி, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து கிடக்கிறது. இறால் தேடிக் கையை விட்டால் முதலில் அகப்படுவது அதுதான்.

தொழில்

பெயர், வயது, பால், தொழில், முகவரி. கேஸ் ஷீட்டின் தலையில் இருக்கும் இந்த ஐந்தையும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு, உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். 1700இல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டீஸ் காலந்தொட்டு மருத்துவர்கள் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: என்ன வேலை பார்க்கிறீர்கள்? முந்நூறு வருஷம் கழித்து அந்தக் கேள்வி எங்கள் தாளில் அச்சாகியே வருகிறது. பதில்தான் ஒரு சொல்லோடு நின்றுபோகிறது.

'மீனவர்' என்று எழுதுகிறோம். ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவரும் மீனவர். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவரும் மீனவர். முன்னவருக்குத் தோளும் முதுகும் போகும். வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கண்ணில் சதை வளரும். பின்னவருக்கு விரலிடுக்கில் ஆறாத புண், காலில் சிப்பி கிழித்த காயம், தோலில் அரிப்பு. வலையை விட்டுவிட்டுக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரும், தொழில் என்ன என்று கேட்டால் மீன்பிடி என்றே சொல்வார். அப்பா தாத்தா தொழிலைச் சொல்கிறார். நம் தாளுக்கு வேண்டியது அவர் நேற்று எங்கே நின்றார் என்பது.

மீன் விற்கும் பெண்களின் தாளில் பெரும்பாலும் 'இல்லத்தரசி' என்றே இருக்கும். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைச் சுமந்து, பகல் முழுக்கத் தெருவோரம் உட்கார்ந்து விற்றுவிட்டு வந்து சமைக்கிறவர் அவர். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி மாத்திரை எழுதுவோம். 'குடிச்சா எங்க போறது டாக்டரம்மா?' என்று ஒரு அக்கா கேட்டார். மார்க்கெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதற்குப் பிறகு அந்த ஆலோசனையைச் சொல்லும்போது கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறேன்.

ஒன்னுமில்ல

இங்கே நோயாளி தொடங்குவதே 'ஒன்னுமில்ல' என்றுதான். 'ஒன்னுமில்ல டாக்டரம்மா, ராவுல மூச்சு கொஞ்சம் இழுக்குது, அவ்ளோதான்' என்றார் ஒரு ஆயா. நெபுலைசர் வைத்து, மருந்து கொடுத்து அனுப்புவதற்குப் பத்து நிமிஷம் போதும். வரிசையும் நீளம். எப்போதெல்லாம் இழுக்கும் என்று கேட்டதற்குக் கையை வடக்கே நீட்டி, 'காத்து அந்தப் பக்கத்துலருந்து திரும்புனா வரும்' என்றார். மீனவர்களுக்குக் காற்றின் ஒவ்வொரு திசைக்கும் பேர் உண்டு: வாடை, கச்சான், தென்னல். ஆயா சொன்னது வாடையை. எங்கள் தாளில் அது 'பருவகால மூச்சுத்திணறல்' என்று ஏறியது.

வாடை வீசும் மாதங்களில் குளிரும் உண்டு, சளிக் காய்ச்சலும் உண்டு. வீட்டுக்குள் அடுப்புப் புகை, கொசுவத்தி, பக்கத்தில் பீடி. ஒரு ஆயாவின் ஒரு ராத்திரி இழுப்புக்கு அக்கரைப் புகைபோக்கியைக் கைகாட்ட எந்த ஸ்டெதஸ்கோப்பாலும் முடியாது. அதனால்தான் ஒருவரைப் பார்த்தால் போதாது, ஊரைப் பார்க்க வேண்டும். ஐம்பது பேருடைய தாளில் காற்றின் திசையும் தேதியும் எழுதியிருந்தால் அப்போது ஒரு கேள்வி எழும். 'பருவகாலம்' என்று எழுதினால் எழாது.

காற்றில் மிதக்கும் நுண்துகள், அதாவது 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள், வருஷச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்தியாவின் வரையறை 40. எட்டு மடங்கு. இந்திய நுரையீரல் எட்டு மடங்கு உறுதி என்று எங்கள் உடற்கூறியல் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

டிசம்பர் 26

2004 டிசம்பர் 26 காலையில், சுனாமியின்போது, இந்தக் கரையில் இருந்தவர்கள் கடலைக் கண்டு ஓடினார்கள். 2023இல் அதே தேதியின் நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்கள் மறுபடி ஓடினார்கள். உர ஆலைக்காகக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயில் அம்மோனியா கசிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மறுநாளிலிருந்து குப்பங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தன.

அம்மோனியாவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கரையும் வாயு அது. மனித உடம்பில் ஈரமான இடம் கண், தொண்டை, மூச்சுக்குழாய். முதலில் எரிச்சல், பிறகு இருமல், அதிகம் போனால் மூச்சுக்குழாயே வீங்கி அடைத்துக்கொள்ளும். அதே குணம்தான் முதலுதவிக்கும் உதவுகிறது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு, காற்று அடித்துச் செல்லும் திசையில் ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். இதற்கு டாக்டர் வேண்டாம். ஒரு துண்டும் ஒரு குடம் தண்ணீரும் போதும். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆலைகளின் விபத்து ஒத்திகை பெரும்பாலும் மதிலுக்குள் நடக்கும். வாயுவுக்கு மதில் கிடையாது.

எண்ணூரில் பணிக்கு வரும் ஒவ்வொரு பேட்ச் மாணவர்களும் குப்பத்துப் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உட்காரவைத்து இந்த நாலு வரியைச் சொல்லித் தர வேண்டும். கை கழுவும் முறையைச் சொல்லித் தருகிறோம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாளி

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. வலையும் படகும் கருத்துப்போயின. அலையாத்தி மரங்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. இந்த முறையும் வாளி. அள்ளியவர்கள் அந்த ஆற்றில் பிழைக்கும் மீனவர்கள். தொடக்கத்தில் வெறுங்கையால் அள்ளினார்கள்.

இந்த மாதிரி எண்ணெய் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். தோல் வறண்டு, வெடித்து, அரிக்கும். ஆவியாகும் பகுதி தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் தரும். முகாம் போட்டுக் களிம்பு கொடுப்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் களிம்பு வாங்கியவர்களுக்கு ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்து என்ன ஆனது என்று பார்க்க, யார் எத்தனை நாள் எண்ணெயில் நின்றார் என்ற பட்டியல் வேண்டும். முகாம் முடிந்தால் சீட்டும் முடிந்தது. இரண்டு விபத்துக்கும் இடையில் ஏழு வருஷம் கிடைத்தும் கையுறை முன்கூட்டி வந்துசேரவில்லை.

கஞ்சி

வடசென்னையில் யாருக்கு என்ன ஆனாலும் கடைசியில் போவது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு. மருத்துவக் கல்லூரியாக ஸ்டான்லியின் வயது 1938இலிருந்து. அந்தப் பெயர் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியுடையது. அந்த இடத்தின் கதை அதைவிடப் பழையது. ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தால் பஞ்சம் வந்து, கிராமங்களிலிருந்து மதராஸுக்கு ஓடிவந்த ஜனங்களுக்கு 1782இல் இங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்கள் நோயோடும் வந்ததால் வைத்தியம் பிறகு சேர்ந்தது. ஊர்க்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். சத்திரம் இன்னும் பக்கத்திலேயே முதியோர் இல்லமாக நடக்கிறது.

முதலில் சோறு, பிறகு மருந்து. இந்த வரிசை எங்கள் பாடத்தில் தலைகீழாகிவிட்டது. சத்துணவு ஒரு வகுப்பு; மருந்தியல் ஒரு வருஷம்.

வீடுகள்

காசநோயைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒரு பாடம் மதராஸின் ஏழை வீடுகளில் எழுதப்பட்டது. 1950கள் வரை காசநோய் என்றால் சானடோரியம்: மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கட்டவே முடியாது. 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அதை நடத்தின. முதல் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இரண்டு பாதிக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறைகளில் படுத்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், சீக்கிரமே வேலைக்கும் போனார்கள். அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. 1959இல் இது வெளியானபிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கின. மாத்திரையை ஒழுங்காக விழுங்கவைப்பதுதான் சிக்கல் என்பதும் இங்கேதான் தெளிவாயிற்று. வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே விழுங்கவைக்கும் முறை அடுத்த சில வருஷங்களில் இங்கேயே உருவானது. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இன்று நர்ஸ் ஒருவர் நோயாளி எதிரே நின்று மாத்திரை கொடுக்கிறார் என்றால், அந்தப் பழக்கத்தின் வேரில் இந்த நகரத்து வீடுகளும் உண்டு.

உலக சுகாதாரம் என்றதும் எங்களுக்கு ஜெனீவாவும் விமானமும் நினைவுக்கு வருகின்றன. வெளிநாட்டு மாணவர்கள் இங்கே ஒரு மாதம் வந்து பார்த்துப் போவதை அந்தப் பெயரில் அழைக்கிறோம். இங்கிருந்து வெளியே போன அறிவை அந்தப் பெயரில் நாங்களே அழைப்பதில்லை. அதைக் கொடுத்த நோயாளிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கொடுத்ததற்குத் திருப்பிக் கிடைத்ததும் அதிகமில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்.

எழுந்து நிற்பது

1959இன் பாடத்தை அவசரமாகப் படித்தவர்கள், அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை இருந்தால் குறைந்த சாப்பாட்டிலும் பெரும்பாலோர் தேறுவார்கள் என்பது உண்மை. ஆனால் மிக மெலிந்தவர்கள் மாத்திரை வேலை செய்யுமுன்பே போய்விடுகிறார்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது.

தமிழ்நாடு 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் சில எளிய சோதனைகள்: எடையும் உயரமும், காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. இவற்றில் தவறினால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிப்பார்கள். இத்தனை வருஷம் படித்துவிட்டு வரும் எனக்கு, 'கொஞ்சம் எழுந்து நில்லுங்கண்ணே' என்று சொல்வதற்கு இவ்வளவு அர்த்தம் இருக்கும் என்று தெரிய ஒரு திட்டம் தேவைப்பட்டது. நிற்க முடியாதவர் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

2023இல் ஜார்க்கண்டிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. காசநோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, கூட வசிப்பவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. சத்துணவுக்கென்று காசநோயாளிகளுக்கு மத்திய அரசு 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆயிரம் ரூபாயில் ஒரு மாதத்துக்கு என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பசித்தவர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இலை போட முடியாது.

கை

ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு நிலையத்தை வளர்த்தெடுத்தார். 2018 பிப்ரவரியில், மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு அங்கே இரண்டு கைகளும் பொருத்தினார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அதுவே முதல் முறை. பட்டறையும் ஆலையும் சூழ்ந்த வடசென்னையில் அப்படியொரு நிலையம் எழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரஸ்ஸில் நசுங்கிய விரலும் பெல்ட்டில் மாட்டிய மணிக்கட்டும் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும் ஊரில், கையை முழுநேரமாகப் படிக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஊர் அனுப்பும் நோயைப் படிப்பது இரண்டாந்தர மருத்துவம் என்று நினைப்பவர்கள் அந்த நிலையத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

நெட்டுக்குப்பத்து ஆள் நுரையீரலையும் தோலையும் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதற்கு இன்னும் ஒருவர் வேண்டும்.

இரண்டு ரூபாய்

ஸ்டான்லியில் படித்த டாக்டர் திருவேங்கடம் 1973இல் வியாசர்பாடியில் கிளினிக் தொடங்கி 2 ரூபாய் வாங்கினார். பிறகு 5 ரூபாய். 2020 ஆகஸ்ட் 15இல் காலமாகும்வரை வடசென்னைக்கு அவர் அஞ்சு ரூபாய் டாக்டர். பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் அப்படித்தான் வாழ்ந்து 2018 டிசம்பரில் மறைந்தார். இவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் சீனியர்கள் கைகூப்புவார்கள். கைகூப்பியதும் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கட்டணத்தை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். ஐந்து ரூபாய்க்கு டாக்டர் தேவைப்பட்ட ஜனம் ஐம்பது வருஷமாக இங்கே குறையவில்லை என்பது அதில் எழுதியிருக்கிறது. இலவச ஆஸ்பத்திரி அருகில் இருந்தும் இந்த டாக்டர்களிடம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேஷண்ட் சொல்வதை அவர்கள் கடைசிவரை கேட்டார்கள். ஒரு நாள் கூலி போகாமல், மாலையில், தெருவிலேயே, பெயர் தெரிந்த ஒருவர் கேட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கி, சுகர் பிரஷர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தக் கூலிக் கணக்கைப் புரிந்துகொண்ட அரசுத் திட்டம். மாத்திரையோடு காதும் வர வேண்டும்.

உலகம்

ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி ரயிலேறிப் பாராதீப் போய், கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. இங்கே எரிகிறது. மின்சாரம் கம்பியில் ஏறி மாநிலம் முழுக்கப் போகிறது. சாம்பல் போவதில்லை. எங்கள் கல்லூரி விடுதியின் ஃபேனும் நூலகத்தின் ஏசியும் அந்தக் கம்பியில்தான் ஓடுகின்றன. 2024 மார்ச்சில் வடசென்னை அனல்மின் நிலையத்தில் இன்னும் 800 மெகாவாட் சேர்ந்தது.

1978இல் கஜகஸ்தானின் அல்மா-அட்டாவில் கூடிய நாடுகள் ஆரம்ப சுகாதாரம் என்றால் என்ன என்று எட்டு அம்சங்களில் எழுதின. நோய் பற்றிய அறிவு, உணவு, பாதுகாப்பான தண்ணீர், தாய் சேய் நலம், தடுப்பூசி, ஊரில் பரவும் நோய்களின் கட்டுப்பாடு, சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை. அத்தியாவசிய மருந்து எட்டாவதாக வருகிறது. தேர்வுக்காக இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆற்றோரம் நின்று பார்க்கும்போதுதான் அதன் வரிசை உறைக்கிறது. எட்டாவதை எழுதித் தர என்னிடம் பேனா இருக்கிறது. மற்றவற்றில் பலவும் மாநகராட்சி, மின் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், துறைமுகம் என்று பிரிந்துகிடக்கின்றன. அவர்களிடம் பேச வேண்டுமானால் என் பேனா வேறு ஏதாவது எழுத வேண்டும்.

இனி வருபவருக்கு

அடுத்த பேட்சில் எண்ணூர்ப் பணிக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

குணமாக்கி அனுப்புகிறோம் என்று நினைக்காதீர்கள். அதே காற்றுக்கும் அதே தண்ணீருக்கும் திருப்பி அனுப்புகிறோம். அதை மாற்றும் அதிகாரம் ஹவுஸ் சர்ஜனுக்கு இல்லை. எழுதிவைக்கும் அதிகாரம் உண்டு. சட்டப்படி நோயாளியின் தாளில் எழுதக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள். குப்பத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. இந்த ஆற்றைப் பற்றிய வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போகும்போதெல்லாம் தண்ணீரின் கணக்கு கேட்பார்கள், மண்ணின் கணக்கு கேட்பார்கள். மனிதர்களின் கணக்கு ஓ.பி. நோட்டில் மட்டுமே இருக்க முடியும்.

தொழில் என்ற இடத்தில் ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். கடலா ஆறா, எத்தனை மணி நேரம், தண்ணீர் எதுவரை என்று கேளுங்கள். மூச்சு இழுத்தால் எந்த ராத்திரி, காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தோலில் புண் என்றால் கடைசியாக எங்கே இறங்கினார் என்று கேளுங்கள். மீன் விற்கும் அக்காவை இல்லத்தரசி என்று எழுதாதீர்கள். மெலிந்தவர் வந்தால் எடை பாருங்கள், எழுந்து நிற்கச் சொல்லுங்கள், நேற்றிரவு என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் ஆளுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். அவர்களுடைய முறை வரும்போது அவர்களையும் கேளுங்கள்.

சொன்னதைச் சொன்னபடி, அவர்கள் வார்த்தையில், தேதி போட்டு, அடுத்தவர் படிக்கும்படியான கையெழுத்தில் எழுதுங்கள்.